மிச்சப் பாதியை நீங்கள் கட்ட வேண்டாம்

அண்ணா,

களி குண்டானில் இருக்கிறது. புளிச்சாற்றைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாவி பக்கத்து வீட்டு ஜெபமணி அக்காவிடம்.

நெற்றிக் காயத்தில் காப்பித்தூள் அப்பாதீர்கள், சீழ் பிடிக்கும். டிங்சர் அலமாரியில் இருக்கிறது. ரத்தம் பட்ட சட்டையைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறேன்.

ஊதுகுழலால் அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். என் கழுத்தை நெரித்த கையை விடுவிக்க வேறு வழி தெரியவில்லை.

எம்.எஸ்ஸி.க்கு பெங்களூரில் பாதிக் கட்டணத்துக்குத்தான் உதவித்தொகை. “மிச்சத்த நான் கட்டறேன், அங்க என் மாமியார் ஊட்டுல வாயப் பொத்திகினு கெட” என்றீர்கள். பி.எஸ்ஸி.க்கும் நீங்கள்தான் கட்டினீர்கள். ஒவ்வொரு தவணைக்கும் பெல்ட்டால் அடி வாங்கினேன். சென்னையில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாமே கல்லூரியே தருகிறது.

எனக்குப் பிடித்த ஆய்வுக்கூடம் பெங்களூரில்தான் இருக்கிறது. ஆனாலும் கிருஷ்ணகிரி பஸ் ஏறி, அங்கிருந்து சென்னைக்குத்தான் போகிறேன்.

தேவமணி

பி.கு. நேற்று சென்னையிலிருந்து வந்த அனுமதிக் கடிதம் என்று நினைத்து நீங்கள் அடுப்பில் போட்டது பெங்களூர்க் கடிதம். ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். நான் சொல்லவில்லை.