முருகன் படத்து பல்புகள்

குற்றாலம்
14-7-78

அன்புள்ள வள்ளிக்கண்ணுக்கு,

உன் இடுப்புவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன், கோபத்தைத் தவிர வேறு நோய் இல்லை.

நான் ஓட்டும் எஸ்டேட் ஜீப்பில் தினமும் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது. "ராத்திரி லைட்டப் போட்டு வச்சுச் சீட்டு ஆடுதியோ?" என்று முதலாளி என்னையே திட்டினார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைத் தென்காசியில் காட்டினேன், அதில் கோளாறு இல்லை. புது பேட்டரி மாட்டினேன், அதுவும் செத்தது.

நேற்று பேட்டரி ஒயரைக் கழற்றி நடுவில் ஒரு பல்பை வைத்தேன். சாவி போடாமலே எரிந்தது, ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது என்று அர்த்தம். ஹாரன், லைட் என்று ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினேன். கடைசியில் வண்டிக்குள் மாட்டியிருக்கும் முருகன் படத்து ஒயரைப் பிடுங்கியதும்தான் அணைந்தது. படத்தைச் சுற்றியுள்ள கலர் பல்புகளுக்கு நேராக பேட்டரியிலிருந்தே இழுத்திருக்கிறார்கள்! சாரலுக்காக வண்டியைப் படுதா போட்டு மூடிவிடுவதால், இரவெல்லாம் உள்ளே எரிவது யாருக்கும் தெரியவில்லை.

"சாவி போட்டா மட்டும் எரியிற மாதிரி மாத்திடுறேன், அண்ணாச்சி" என்று முதலாளியிடம் சொன்னேன்.

"சாமிக்கே சாவி போடுதியாலே? போன டிரைவர் வண்டியப் பள்ளத்துல விட்ட பொறவு நான் நேந்து போட்ட வெளக்கு. அணையக் கூடாது. வண்டியத் தள்ளு!"

(அந்த டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே.)

தள்ளுவது அவரா? இந்தச் சேற்றில் நான்! முதுகுக்குத் தைலமும் என் பழைய கம்பளிச் சட்டையும் அனுப்பு.

ஆள் இல்லாதபோது ஒயரை அறுத்திருக்கலாம். குறடு கையில்தான் இருந்தது. நீ என்ன சொல்வாய் என்று நினைத்தேன். அறுக்கவில்லை, போதுமா?

கூப்பிடுகிறார். தள்ளப் போகிறேன்.

இருளப்பன்