தம்பி மேல் கொடுத்த புகார்

ஐப்பசி 14, வெள்ளி இரவு

தம்பி குமார் குடித்துவிட்டு மனைவியை அடிப்பது குரும்பகரத்தில் யாருக்கும் புதிதல்ல. இன்று அவன் மகள் காவ்யா குறுக்கே போய் நின்றிருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை. வீங்கிய கையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டதும், குழந்தைகள் உதவி எண்ணுக்கு நானே போன் செய்தேன்.

அதிகாரி அம்மா வந்து விசாரித்தார். "இப்போதைக்குப் புள்ள உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் குமார் வந்து கத்தினான். "கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?"

நான் வழிவிடவில்லை.

"அவளுக்கு நான் அத்தைடா. குடிய நிறுத்த வைத்தியத்துக்கு வா, நானே கூட வர்றேன். அதுவரைக்கும் இந்தப் படி ஏறாத."

அவன் போனபின் காவ்யா மெல்லக் கேட்டாள், "அத்தை, அம்மா மட்டும் அங்க இருக்கே?"

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் இன்னும் திரும்பியிருக்கவில்லை. அவள் அம்மா செல்வி தயங்கினாள். "காவ்யா ஒன்னத்தான் தேடுது" என்றேன். செருப்புகூடப் போடாமல் வந்துவிட்டாள்.

இருவரும் இப்போது தூங்குகிறார்கள். நாளைக்கு எங்கள் அம்மா வந்து, தம்பியை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறாயா என்று அழுவாள். அழட்டும். புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன்.