மரவள்ளிக் காட்டு மூதேவி

ஜூன் 3, 2024

காலையிலிருந்து கரண்ட் இல்லை. திருச்சி கே.கே. நகர் முழுக்க இன்வெர்ட்டர்கள் முனகுகின்றன, நானும் கூடவே. என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்குக் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. பதிப்பகத்தார் தினமும் போன் செய்து உயிரை எடுக்கிறார்கள்.

தவ்வை, அதாவது ஊர் பாஷையில் மூதேவி. அவள் சிலைகளைப் பற்றி முதன்முதலில் ஒரு முழுப் புத்தகம் எழுதியவள் நான். அது வந்த வருஷம் எங்கள் கலை வரலாற்றுத் துறையில் எனக்கு 'மூதேவி மேடம்' என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். நான் திரும்பி நின்று, "என்னங்க, கூப்பிட்டீங்களா?" என்பேன். நெளிவார்கள். அந்தச் சுகத்துக்காகவே இன்னொரு புத்தகம் எழுதலாம்.

எனக்கு அவளைப் பிடிக்கும். தொப்பையை மறைக்காமல், காலைத் தொங்கவிட்டுச் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிற பெண் தெய்வம் வேறு யார் இருக்கிறாள்?

ஜூன் 9

உப்பிலியபுரத்துக்கு அப்பால், பச்சைமலை அடிவாரத்தில், தங்கையன் என்கிற விவசாயி மரவள்ளிக் காட்டை ஆழ உழுதபோது ஒரு சிலை தட்டுப்பட்டிருக்கிறது. வி.ஏ.ஓ. என் நம்பரைக் கொடுத்தாராம். உடனே கார் பிடித்துப் போனேன்.

அவளேதான்! எட்டாம் நூற்றாண்டு. ஒரு பக்கம் மாட்டுத் தலையோடு மகன், மறுபக்கம் மகள், மேலே காக்கைக் கொடி. மூக்குக்கூட உடையவில்லை. இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததிலேயே அழகி. இவளுக்காகக் கடைசி அத்தியாயத்தை முழுசாகத் திருப்பி எழுதலாம். சேற்றில் மண்டியிட்டுக்கொண்டு, சந்தோஷத்தில் வாயை விட்டேன்.

"மூதேவிங்க! மூதேவி!"

எழுபத்தோரு வயசிலும் புத்தி இவ்வளவுதான். சிலையைக் கண்டதும் பெயர் சொல்லிவிடுவது எங்கள் கூட்டத்து வியாதி. யார் நிலத்தில் நின்று சொல்கிறோம் என்று பார்ப்பதில்லை.

தங்கையன் மனைவி அழகம்மாள் தலையில் கை வைத்துவிட்டாள். "அதாங்க எம் பொண்ணுக்கு வந்த ரெண்டு சம்பந்தமும் நிச்சயத்துக்கு முன்னாடியே முறிஞ்சு போச்சு! இவ மண்ணுக்குள்ள குந்திக்கிட்டில்ல இருந்திருக்கா!"

"நாளைக்கே ஆளை வச்சு உடைச்சுப்புடுறேன்," என்றார் தங்கையன்.

அந்தப் பெண் இளவேனில், துறையூரில் நர்ஸ். வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

தொல்லியல் துறை அதிகாரிகளுக்குப் போன் செய்தேன். வர ஒரு வாரம் ஆகுமாம். ஒரு வாரத்தில் அவள் ஜல்லி ஆகிவிடுவாளே! ஆயிரத்துச் சொச்சம் வருஷம் பத்திரமாக இருந்தவளை என் வாய்தான் உடைக்கப்போகிறது. என் வாய் மட்டும்தான்.

ஜூன் 10

விடிந்ததும் ஓடினேன். எனக்கு முன்னால் சம்மட்டி வந்திருந்தது.

வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன். "நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேங்க." கண்ணாடியின் மேல் பழியைப் போட்டேன். இவள் மூதேவி இல்லை, சந்தானத் தாயார், பாருங்கள் இரண்டு பக்கமும் பிள்ளைகள் என்றேன்.

"அந்தக் காக்கா?" என்றாள் அழகம்மாள்.

"காக்கா இல்லைங்க, கிளி. அலகு தேஞ்சு போச்சு."

"பையனுக்கு மாட்டுத் தலையா இருக்குதுங்களே?"

"குடியானவங்க கும்பிட்ட சாமி. வேற எந்தத் தலை இருக்கும்?"

தங்கையனுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. சம்மட்டியைக் கீழே வைத்தார். அழகம்மாள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அவள் முகத்தைக் கழுவிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லிவைத்தேன்.

ஜூன் 18

அதிகாரி வந்தார், படம் எடுத்தார், ஊரார் கும்பிடுவதானால் இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும் என்றார். சிலையின் பெயர் கேட்டார். 'பெண் தெய்வம்' என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். இது பொய் இல்லை.

ஜூன் 27

தங்கையன் சொன்னதை வைத்துப் பேப்பரில் போட்டுவிட்டார்கள், படத்தோடு: 'சந்தானத் தாயார் சிலை கண்டெடுப்பு — கலை வரலாற்று அறிஞர் பானுமதி தகவல்'. ஏழு மணிக்கே ஸ்ரீரங்கத்திலிருந்து மாதவன் போன். என்னோடு படித்தவன். நான் தவறு செய்யும் நாளுக்காகவே உயிரோடு இருப்பவன்.

"கிளியா, பானுமதி? முதல் வருஷப் பசங்ககூட அதைக் காக்கான்னு சொல்லிடுவாளே!"

"அலகு தேஞ்சிருக்கு, மாதவா."

"உன் மூளைன்னா தேஞ்சிருக்கு! மறுப்பு எழுதப்போறேன்."

எழுதினால் சம்மட்டி திரும்ப வரும். "எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல வந்து பாரு," என்றேன்.

ஜூலை 2

மாதவனைக் கூட்டிப்போனேன். கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். மஞ்சள் காப்பு, சிவப்புப் புடவை, எலுமிச்சை மாலை. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி கைக்குழந்தையை அவள் காலடியில் கிடத்திவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊர் ஊராக விரட்டப்பட்டவளுக்கு இப்படி ஒரு மரியாதையா! மாதவன் குடையை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"சாரும் இதுலயே படிச்சவங்களா? இது கிளிதானுங்களே?" என்று அழகம்மாள் அவனிடம் கேட்டாள்.

நான் அவசரமாக எலுமிச்சை மாலையைச் சரிசெய்யப் போனேன்.

"பேஷா, கிளிதான்," என்றான் அந்தக் கிராதகன்.

திரும்பும்போது துறையூர் தாண்டினோம். பிறகு கேட்டான்: "புஸ்தகத்துல போடுவியோ?"

ஜூலை 20

போட்டால் இந்தப் பதிப்பே அவளால் பேசப்படும். ஆனால் எந்தப் பெயரில் போடுவது? மூதேவி என்று போட்டால் மறுநாளே வாட்ஸ்அப்பில் உப்பிலியபுரம் போய்ச் சேரும். சந்தானத் தாயார் என்று போட்டால்? சீ! வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகுவேன். அச்சில் மாட்டேன்.

ஜூலை 21

அவளைப் பற்றி எழுதியதைப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிட்டேன். ஆறு பக்கம், மூன்று படம். வயிறு எரிகிறது.

அக்டோபர் 6

திருச்சியில் வெளியீட்டு விழா. தங்கையன் குடும்பத்துக்கு நான் சொல்லவில்லை. பேப்பரில் பார்த்துவிட்டு அவர்களே வந்துவிட்டார்கள், ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கோடு. இளவேனில் முதல் ஆளாகப் போய்ப் புத்தகம் வாங்கிவிட்டாள். தடுப்பதற்குள் வாங்கிவிட்டாள்!

"எங்க தாயாரு எந்தப் பக்கத்துலங்க இருக்காங்க?" என்றாள் அழகம்மாள்.

"இல்லைங்க... இடம் பத்தலை."

அவள் முகம் விழுந்துவிட்டது. "அத்தனை மூதேவிங்களுக்கும் இடம் இருக்கு. எங்க தாயாருக்கு மட்டும் இடம் இல்லைங்களா?"

நான் குனிந்து மரவள்ளி மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினேன்.

இளவேனில் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தொப்பை. மாட்டுத் தலை மகன். காக்கைக் கொடி. படத்துக்குப் படம் அதே குடும்பம். ஓரிடத்தில் நிறுத்தினாள். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நல்லாப் பாரு இளா, எங்கயாச்சும் இருக்கப்போறாங்க," என்று அம்மா கையை நீட்டினாள்.

இளவேனில் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "இதெல்லாம் வேற சாமிம்மா. நம்ம தாயாரு இதுல சேர்த்தி இல்ல."

பிறகு என்னிடம், "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நாந்தான் விளக்கு ஏத்துறேன் மேடம். ஒரு நாள் வாங்க," என்றாள்.

வருகிறேன் என்றேன். அழகம்மாள் மட்டும் போகும்வரை என்னோடு பேசவே இல்லை.