எட்டு நாள் சொந்தக்காரி

அக்கா,

இன்று மாடிப்படி முழுக்கத் தரை கழுவும் பழுப்புச் சவர்க்கார வாசனை. நீங்கள் இருந்த மேல்மாடி வீட்டில் இப்போது ஓர் இளம் சோடி இருக்கிறது. அவர்களுடைய பிள்ளை பழச்சாற்றைக் கொட்டிவிட்டதாம். தாய்க்காரி முழங்காலில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலையால் வந்து, மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிய நான் அப்படியே நின்றுவிட்டேன். "அக்கா தொடங்கியிட்டா" என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. நீங்கள் போய் ஒரு வருடமாகிவிட்டது என்று மூக்குக்கு ஆர் சொல்வது?

ஒவ்வொரு வசந்தத்திலும் உங்கள் பெசாக் பண்டிகை வருவதற்கு முன் இந்தக் கட்டடம் இப்படித்தான் மணக்கும். சில்க்போர்க்கிலிருந்து ஓகூஸுக்கு வீடு மாறிவந்த முதல் வருடம் எனக்கு அது தெரியாது. கார் நிறுத்தும் இடத்தில் உங்கள் காரின் பின்கதவு திறந்திருந்தது. இரண்டு கால்கள் மட்டும் வெளியே. உள்ளே தூசி உறிஞ்சும் மெசினின் சத்தம். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் பிசியோ இந்தக் கோலத்தில் கிடக்கிறாவே என்று எட்டிப் பார்த்தேன். நான் அதே ஆஸ்பத்திரிக் குசினியில் அப்போதுதான் சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், உங்கள் முகம் தெரியும், பெயர் தெரியாது.

"என்ன, மூட்டைப்பூச்சியோ?" என்று கேட்டேன்.

"இல்லை, பாண் தூள்," என்றீர்கள். "யூத வீட்டிலை எட்டு நாளைக்கு ஒரு துணிக்கை பாணும் இருக்கக்கூடாது. கோட் பொக்கற்றுக்குள்ளையும் பாக்கவேணும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாங்களும் பண்டிகைக்கு வீடு கழுவுகிற சனம்தான், ஆனால் கோட் பொக்கற்றை உதறியதில்லை. நீங்கள் கோபிக்கவில்லை. மறுபக்கக் கதவைத் திறந்து, அந்தச் சீற்றின் கீழே ஒருக்கால் கையை விட்டுப் பார் என்று என்னையும் வேலையில் பிடித்துவிட்டுவிட்டீர்கள். அங்கே எனக்கு அரை பிஸ்கற் அகப்பட்டது.

இந்த நாட்டில் பிரதமருக்கும் "டூ" தான், அதாவது "நீ". என் வாய்க்கு அது வரவில்லை. அந்த மாதமே உங்களை அக்கா ஆக்கிவிட்டேன். நாங்கள் கதைத்ததெல்லாம் டேனிஷில். ஆனால் நினைக்கும்போது உங்கள் குரல் எனக்கு எங்கள் ஊர்த் தமிழில்தான் கேட்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

துப்புரவு முடிந்த அன்று என் கதவைத் தட்டினீர்கள். கையில் ஒரு திறப்பு, சின்னச் சாவி.

"என்ரை அலுமாரியை வாங்குவியோ?"

நான் பழைய தளபாடம் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது: மா, ஓட்ஸ், பாஸ்தா, பியர், விஸ்கி, புளிக்கக்கூடிய தானியத்தில் செய்த எதுவும் அந்த எட்டு நாளும் ஒரு யூதருக்குச் சொந்தமாக இருக்கக்கூடாது. அதனால் எல்லாவற்றையும் ஓர் அலுமாரியில் வைத்துப் பூட்டி, யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிட வேண்டும். பண்டிகை முடியத் திரும்ப வாங்கலாம். மற்றவர்கள் கொப்பன்ஹேகனில் இருக்கும் யூத மதகுரு ராபி மூலமாக எல்லாருமாகச் சேர்ந்து விற்பார்களாம். உங்களுக்கு அது பிடிக்காது. ஆளின் முகத்தைப் பார்த்து விற்க வேண்டும்.

"வெளியாலை எறிஞ்சால் என்ன?" என்றேன்.

"நல்ல விஸ்கியை ஆர் எறிவினம், விசரி!"

முற்பணமாக ஒரு காசுக் குற்றியைத் தந்தேன். அதுக்கும் பேரம் பேசினீர்கள். சும்மா தலையாட்டினால் வியாபாரம் ஆகாதாம். "இது உண்மையா வித்தது, கண்டியோ. நடிப்பில்லை," என்று கையைக் குலுக்கினீர்கள். எனக்கு முன் அந்த அலுமாரியை வாங்கிவந்த பழைய அயலவர் பற்றியும் சொன்னீர்கள். பிள்ளை மண்ணில் சோறு சமைத்துக் கொடுத்தால் சாப்பிடுவதாக நடிக்கும் பெரியவர்கள் மாதிரிச் சிரிப்பாராம். அந்தச் சிரிப்பு உங்களுக்கு ஆகவே ஆகாது.

உங்களுக்கு உண்மையில் குத்தியது அயலவர் அல்ல என்று பிறகு தெரிந்தது. உங்கள் மகள் ரெபெக்கா. கொப்பன்ஹேகனில் கட்டட வரைபடம் கீறுகிற வேலை, கெட்டிக்காரி, தாயில் உயிர். ஆனால் இந்த விற்பனையைப் பற்றிக் கதை எடுத்தால் "அம்மா, இது ஒரு நாடகம்" என்பாள். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்: "நான் போனால் இந்த அலுமாரியை ஆர் விப்பினம்?" எப்போதும் பகிடி விடுகிற ஆள், அன்று பகிடி விடவில்லை.

என் மகனும் தமிழில் கேட்டால் டேனிஷில்தான் பதில் சொல்லுவான். கோயிலுக்கு என்று பிராண்டேக்குக் கூப்பிட்டால் அவனுக்கு அன்றைக்குத்தான் தலை இடிக்கும். இரண்டு பேரும் பிள்ளைகளைத் திட்டித் தீர்த்தோம், பிறகு அவர்களுக்குப் பிடித்த கேக்கைச் செய்தோம்.

அக்கா, அந்த ரொட்டி வருடத்தை மறப்பேனா! உங்கள் பண்டிகையும் டேனிஷ்காரரின் ஈஸ்டரும் ஒன்றாக வந்தது. நீங்கள் பண்டிகையின் முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்கு மகளிடம் போயிருந்தீர்கள். பெரிய வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பிராண்டேயிலிருந்து மச்சாள் குடும்பம் இரண்டு காரில் வந்து இறங்கியது. கோதுமை மா பை வெறுமை. பெரிய கடையெல்லாம் பூட்டு. மச்சாள் குசினியைச் சுற்றிப் பார்த்த பார்வை எனக்குச் சுள்ளென்று ஏறியது. அப்போதுதான் பொறி தட்டியது: என்ன விசர்க்கதை, எனக்குத்தான் மேலே உங்கள் வீட்டு அலுமாரியில் மா இருக்கிறதே!

என் மனுசன் படியில் வந்து மறித்தார். "சனத்தின்ரை வீட்டிலை களவெடுக்கப் போறியோ?"

"களவோ? நான் காசு குடுத்து வாங்கின மா. தள்ளுங்கோ."

பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற நீங்கள் தந்த வீட்டுத் திறப்பும், நான் வாங்கிய அலுமாரியின் திறப்பும் என்னிடம் இருந்தன. ஒரு பை மாவை எடுத்தேன், பூட்டினேன், இறங்கினேன். தேங்காய்ப்பூ போட்டுச் சுட்ட ரொட்டியும் கட்டைச் சம்பலும் மச்சாளின் வாயை அடைத்தன.

நீங்கள் திரும்பி வந்ததும் நானே சொன்னேன். உள்ளுக்குள் பயம்தான், ஏதும் தீட்டுப்பட்டுவிட்டதோ என்று. நீங்கள் என்னை உற்றுப் பார்த்தீர்கள். பிறகு மேசையில் அடித்தீர்கள்.

"எடுத்தனியோ? உண்மையாவே எடுத்தனியோ?"

"ஓம். ரொட்டி சுட்டனான்."

"எத்தினை வருசமா விக்கிறன், ஒரு மனுசரும் சாமானைத் தொட்டதில்லை!" கண்ணில் தண்ணி வரச் சிரித்தீர்கள். உடனே ரெபெக்காவுக்குப் போன். "கேட்டியோ, அவள் தன்ரை மாவை எடுத்து ரொட்டி சுட்டிருக்கிறாள்! நாடகமெண்டால் ரொட்டி வருமோ?"

"அம்மா, அவவிட்டை மா முடிஞ்சுபோச்சு. அவ்வளவுதான்," என்றாள் ரெபெக்கா.

பண்டிகை முடிந்து நீங்கள் மிச்சத்தைத் திரும்ப வாங்கியபோது ஒரு புதுப்பை மா கொண்டுவந்தேன். வாங்க மறுத்தீர்கள். "உன்ரை மாவை நீ பாவிச்சாய். எனக்கு ஏன் தாறாய்?" என்று ஏசினீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் உங்கள் அலுமாரியில் ஒரு பை கோதுமை மா கூடுதலாக இருக்கும். எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களோ?

கடைசி வருடங்களில் உங்களுக்குச் சிரிப்புக் குறைந்தது. ஓகூஸில் பிறந்து, ஓகூஸில் படித்து, ஊருக்கே முழங்கால் மடக்கப் பழக்கிய உங்களிடம், யூத நாட்டுச் சண்டை பற்றிச் செய்தியில் ஏதும் வந்தால் சனம் கணக்குக் கேட்டது. அங்கே சாகிற எல்லாப் பிள்ளைகளுக்காகவும் நீங்கள் அழுததை நான் பார்த்தேன், கேட்டவர்கள் பார்க்கவில்லை. "ஒண்டில் அந்தக்கால யுத்தத்திலை எங்கடை சனம் நாசிகளுக்குப் பயந்து படகிலை சுவீடனுக்குத் தப்பிப்போன கதை கேக்கினம், இல்லாட்டி இண்டைய செய்தி கேக்கினம். நான் என்ன சமைக்கிறன் எண்டு நீ மட்டும்தான் கேட்டனி," என்றீர்கள். எனக்கும் அது தெரிந்த நோய்தான். எங்கள் சண்டையைப் பற்றி என்னிடம் கேட்ட சனத்துக்கு எங்கள் கறியின் பெயர் தெரியாது.

போன வருடம் பண்டிகையின் நடுவில், நித்திரையிலேயே போய்விட்டீர்கள். அழுதேன், பிறகு கோபம் வந்தது. விற்ற சாமானைத் திருப்பி வாங்காமல் ஒரு மனுசி எப்படிப் போகலாம்?

அடக்கமெல்லாம் முடிந்து, பண்டிகையும் முடிந்தபின், ரெபெக்கா வீட்டை ஒதுக்க வந்தாள். குப்பைப் பையோடு அலுமாரிக்கு முன் நின்றாள்.

"நில்லு பிள்ளை. அதைத் தொடாதை. அது என்ரை."

சிரித்தாள். "அம்மாவே இல்லை, அன்ரி. இனி ஆருக்கு இந்த விளையாட்டு?"

"விளையாட்டில்லை. கொம்மா வித்தவ, நான் வாங்கினனான். உனக்கு வேணுமெண்டால் என்னட்டைத் திரும்ப வாங்கு. வேண்டாமெண்டால் நான் கொண்டுபோறன்."

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் இருந்து எடுத்துக் கையில் பிடித்திருந்தாள். அதில் இருந்த யூத நட்சத்திரத்தை அன்றுதான் கண்டேன். ரெயினில் வரும்போது ஆரும் கண்டு ஏதும் கேட்காமல் இருக்க உள்ளே விட்டுவிடுவாளாம். வாங்குவாள் என்றுதான் நம்பினேன். "நீங்களே வச்சிருங்கோ," என்று சொல்லி எழும்பிவிட்டாள்.

நீங்கள் பயந்தது நடந்துவிட்டதே என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சாமானைக் கீழே கொண்டுவந்தேன். பாஸ்தாவை மகன் முடித்தான். விஸ்கியை இவர் "அக்காவின்ரை ஞாபகத்துக்கு" என்று சொல்லிச் சொல்லி ஒரு மாதத்தில் முடித்தார். அவ்வளவு ஞாபகசக்தி அவருக்கு. மா எனக்கு.

இனி நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

போன கிழமை ரெபெக்கா போன் எடுத்தாள். சுகம் விசாரித்தாள், மகனை விசாரித்தாள், மழையை விசாரித்தாள். பிறகுதான் கேட்டாள். "அன்ரி, இந்த வருசம் ஏதும் வாங்குவீங்களோ?"

"என்னத்தை?"

"அரைப் பெட்டி பாஸ்தா. கொஞ்சம் ஓட்ஸ். ரெண்டு பியர்."

அக்கா, குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். பிறகு, நீங்கள் பழக்கிய வாய் சும்மா இருக்குமோ? "அரைப் பெட்டியை ஆர் வாங்குவினம்? விலையைக் குறை," என்றேன்.

"அம்மாவோடையும் இப்பிடித்தான் பேரம் பேசினீங்களோ?"

"கொம்மா என்னைவிட மோசம்."

இருவரும் சிரித்து முடிந்தபின் ஏன் பிள்ளை என்று கேட்டேன். "வேலையிலை எல்லாரும் என்னட்டைப் பதில் கேக்கினம், அன்ரி. நான் யூதப்பிள்ளை எண்டுறது மற்ற ஆக்களின்ரை கேள்வியிலை மட்டும்தான் இருக்கு. ஒருத்தரும் கேக்காத ஒண்டு எனக்கெண்டு வேணும் போலை இருந்தது. அம்மா கார் சீற்றுக்குக் கீழை கை விடுறது ஞாபகம் வந்தது. நேற்று முழுக்கக் கழுவினனான். இடுப்பு நாரி முறிஞ்சுபோச்சு."

நடிப்பு என்றால் நாரி முறியாது என்று சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

முற்பணத்தைப் போனிலேயே அனுப்பினேன். திறப்பு தபாலில் வந்தது. நேற்றுத் திரும்பவும் போன் எடுத்தாள். தன் சிநேகிதி ஒருத்தியும் எனக்கு விற்க விரும்புகிறாளாம். அந்தச் சிநேகிதியின் தம்பி இதுவரைக்கும் ஒரு பண்டிகையும் செய்ததில்லையாம், அவனிடமும் ஏதோ ஒரு போத்தல் இருக்கிறதாம். "நீங்கள் உண்மையா வாங்கிற ஆள் எண்டு சொன்னனான்," என்றாள்.

ஆகவே அக்கா, நாளை பொழுதுபடத் தொடங்க, நான் கொப்பன்ஹேகனில் மூன்று குசினிகளுக்குச் சொந்தக்காரி. எட்டு நாளைக்குத்தான். அடுத்த வருடத்துக்கும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள்.