ஐஸ் ஃபேக்டரி நிறுத்தத்தில் இறங்கியவள்

என் பெரிய மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம்தான், அப்பாவுக்கு முழங்கால் மட்டும் படியேற விடமாட்டேன் என்கிறது, ஆனாலும் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடையை ஒருநாளும் மூடுவதில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், பாதியில் வைத்துவிடுவோம், அதனால்தான் கடிதம்.

போன மாதம் நீ சொன்னது தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. ஏழு வருஷம் ஆச்சும்மா, அந்த இன்ஸ்பெக்டர் நீட்டுற பேப்பர்ல கையெழுத்தப் போட்டுட்டு இனிமேலாவது நிம்மதியா இருங்க என்றாய். அந்தத் தாளில் என்ன இருக்கிறது தெரியுமா? உன் தங்கையைக் கண்டுபிடிக்க முடியவில்லை, வழக்கை முடிப்பதில் பெற்றோருக்கு ஆட்சேபணை இல்லை என்று இருக்கிறது. எனக்கு ஆட்சேபணை இல்லையாம். பத்தொன்பது வயசுப் பெண் சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து பஸ் ஏறினாள், வீடு வந்து சேரவில்லை, ரயில் நிலையத்தில் யாரோ பார்த்தார்களாம், அதனால் தானாக ஓடிப்போய்விட்டாளாம். இதைக் கண்டுபிடிக்க போலீஸுக்கு நாலு நாள், கேட்டுக்கொண்டிருக்க எனக்கு ஏழு வருஷம். நான் கையெழுத்துப் போடவில்லை.

அவள் காணாமல் போன தேதியில் வருஷாவருஷம் பஸ் நிலையத்தில் அட்டை பிடித்து நிற்கிறோமே, முதல் வருஷம் நானூறு பேர் மெழுகுவத்தியோடு வந்ததை நீயும் பார்த்தாய். இந்த வருஷம் எங்களையும் சேர்த்து ஐந்து பேர், அதில் ஒருத்தர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் என்று பஸ் வந்ததும்தான் தெரிந்தது. பத்திரிகைக்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். புதுசா ஏதாவது இருந்தாத்தாம்மா போட முடியும் என்றான். அவ இன்னிக்கும் வரல, இதுதான் புதுசுன்னு போடு என்று சொல்லி வைத்துவிட்டேன். டிவிக்காரர்கள் மட்டும் வந்தார்கள், அவள் சட்டையை மடியில் வைத்து அழச் சொன்னார்கள், எனக்கு அழுகை வரவில்லை. கடைசியில் காதலனோடு ஓட்டமா என்று ஒரு கேள்விக்குறி போட்டு அரை நிமிஷம் காட்டினார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி, மானம் போகுதுக்கா, விட்டுடுங்களேன் என்றாள். பெண்ணே போன பிறகு மானத்தைக் கட்டி வைத்து என்ன செய்ய?

என் வேலை உனக்குத் தெரியும், கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விடுவது, கட்டுப் பிரிப்பது. ஏழு வருஷமாகக் கட்டுப் பிரித்தவர்களிடமெல்லாம் அவள் படத்தைக் காட்டுகிறேன். இந்த ஊரில் புதுக் கண் வந்தவர்கள் முதலில் பார்ப்பது என் பெண்ணைத்தான். யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். பெரிய டாக்டர் கூப்பிட்டு, நோயாளிங்க வைத்தியத்துக்கு வராங்க, உங்க துக்கத்தைக் கேக்க இல்ல, இன்னொரு தடவை பண்ணினா வேலை போயிடும் என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன், படத்தை மட்டும் பையிலிருந்து எடுக்கவில்லை.

அப்புறம் ஒரு பெரியவர் கண்புரை எடுக்க வந்தார், பஸ் கண்டக்டராக இருந்தவர், ஓய்வு பெற்ற வாரமே வெளியூருக்கு மகனிடம் போய்விட்டாராம், நம் போஸ்டர் எதையும் பார்த்ததில்லை. மறுநாள் கட்டுப் பிரித்ததும் மனசு கேட்காமல் படத்தை நீட்டினேன். உற்றுப் பார்த்தார். இந்தப் பொண்ணு கொடைய விட்டுட்டு எறங்குச்சேம்மா என்றார். ஐஸ் ஃபேக்டரி நிறுத்தத்தில் ஒரு கார்க்காரன் ஹாரன் அடித்தானாம், எங்க சார்தான் கூப்பிடுறாரு, நிறுத்துங்கண்ணே என்று சொல்லி இவள் அவசரமாக இறங்கினாளாம். கொட, கொடன்னு கத்தினேன், காதுல விழல, என் கடைசி வார டூட்டி, அதான் ஞாபகம் இருக்கு, டிப்போவுல எழுதிக் கொடுத்துட்டுத்தான் போனேன் என்றார்.

அன்றைக்கே அப்பாவும் நானும் டிப்போவுக்குப் போனோம். பஸ்ஸில் விட்டுப்போன சாமான்களை எழுதும் பழைய நோட்டைத் தூசு தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். அதே தேதி. பெண்கள் குடை, நீலம், கைப்பிடியில் செம்புக் கம்பி சுற்றியது, ஐஸ் ஃபேக்டரி நிறுத்தம், மாலை ஐந்து ஐம்பது. குடை எந்த ஏலத்திலோ போய்விட்டது. அந்தக் கம்பியைச் சுற்றிக் கொடுத்தது அப்பாதான். அந்த வரியைப் படித்துவிட்டு அப்படியே டிப்போ படியில் உட்கார்ந்துவிட்டார், எழுப்பிக் கூட்டிவர எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. போலீஸ் ஸ்டேஷனுக்கும் டிப்போவுக்கும் நடுவில் இரண்டே தெரு. ஏழு வருஷத்தில் ஒருத்தரும் அந்த இரண்டு தெருவை நடக்கவில்லை. இன்ஸ்பெக்டர், இவர் நாலாவது ஆள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஏம்மா இத முன்னாடியே சொல்லல என்று என்னைக் கேட்டார்! வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, எழுதிக்கங்க சார் என்றேன். எழுதினார். வழக்கை முடிக்கிற தாளை என் கண்முன்னால் கிழித்தார். அந்தக் கம்ப்யூட்டர் வகுப்பில் அவள் சார் என்று கூப்பிடக்கூடியவர்கள் மூன்றே பேர், மூவரையும் இப்போதுதான் விசாரிக்கிறார்கள். அதில் ஒருத்தர் முதல் வருஷம் மெழுகுவத்தி பிடித்து என் பக்கத்தில் நின்றவர். யார் மேலும் நான் பழி போடமாட்டேன், ஆனால் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். மாமியார் வீட்டில் கேள்வி வருகிறது என்று உன் ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து அவள் படத்தை எடுத்துவிட்டாய், எனக்குத் தெரியும். திரும்பப் போடு. கேட்டால், என் தங்கச்சி, தேடிட்டிருக்கோம்னு சொல். குழந்தைக்கும் சித்தி என்று காட்டு. உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே.

இன்னொன்று. பத்திரிகைக்காரத் தம்பி இப்போது தானாகவே வந்து, பெரிதாகப் போடுகிறேன் என்கிறான், ஆனால் பழைய படம் போதாதாம், இன்றைக்கு இருபத்தாறு வயதில் அவள் எப்படி இருப்பாள் என்று வரையவேண்டுமாம். வரைகிறவர், கூடப் பிறந்தவள் அதே வயதில் எடுத்த படம் இருந்தால் கொடுங்கள் என்றார். பெட்டியெல்லாம் கொட்டித் தேடினேன், இல்லை. உன் இருபத்தாறு வயதில் நீ வெளிநாடு போன புதிது அது, அந்த வருஷம் வீட்டுக்கு ஒரு படம்கூட அனுப்பவில்லை. என் இரண்டு பெண்களையும் அந்த வயதில் நான் பார்த்ததில்லை. நேராகப் பார்க்கிற மாதிரி ஒன்று தேடி உடனே அனுப்பு.

எந்தக் குறையும் அண்டாமல் மூவரும் நன்றாக இருங்கள், அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி.

உனக்கும் உன் தங்கைக்கும்
அம்மா