தாய்லாந்துப் படிவத்தில் ஒரு வரி

ஒஸ்லோ
12.01.2026

அன்புள்ள மகள் கம்சிகாவுக்கு,

நான் நல்ல சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஐப்பசியில் நீ ஃபோனை வைத்த பிறகு, திரும்ப எடுத்தால் திரும்பவும் சண்டைதான் வரும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இங்கே பக்கத்து ஊர் திராமனில் இருக்கிற பொடியனைக் கலியாணம் செய் என்று கேட்டது அவ்வளவு குற்றமா? அதை விடு. அவனுக்கு வேறிடத்தில் சரிவந்துவிட்டது. அம்மா போன பிறகு நாங்கள் இரண்டே பேர். அதனால்தான் எழுதுகிறேன்.

ட்ராம் ஓட்டுவதை நிறுத்திய பிறகு எனக்கு வேலை, எங்கள் ஆட்களின் வருமான வரிப் படிவங்களைப் பார்த்துக் கொடுப்பதுதான். இங்கே வரிக் கந்தோரிலிருந்தே படிவம் எல்லாம் நிரப்பித்தான் வரும். அதில் பிழை இருந்தால் பிடித்துத் திருத்தினால் மட்டும் காணும். தாய்லாந்துச் சனங்கள் எப்படி வரி கட்டுகிறார்கள்? நீ பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டு அங்கே மொழி படிக்கிறாய். உன் செலவை யார் பார்க்கிறார்கள்? விபரமாக எழுது.

அன்புடன்,
அப்பா சபாரத்தினம்

பாங்கொக்
03.02.2026

அன்புள்ள அப்பா,

உங்கள் கையெழுத்தைக் கண்டதும் கதவடியில் நின்றே வாசித்தேன்.

இங்கே வருடத்தில் நூற்றெண்பது நாள் இருந்தவர், வரியைப் பொறுத்தவரை இந்த நாட்டு ஆள். சம்பளக்காரருக்கு வேலையிடமே மாதாமாதம் வரியைப் பிடித்துவிடும். ஆனாலும் ஒவ்வொருவரும் பங்குனி முடிவதற்குள் படிவம் கொடுக்க வேண்டும். கூடப் பிடித்திருந்தால் திரும்பி வரும். வருமானத்தில் வரிக் கழிவெல்லாம் போக மிஞ்சுவதில், இந்த நாட்டுக் காசில் முதல் ஒன்றரை லட்சம் பாத்துக்கு வரியே இல்லை. அதற்கு மேல் ஐந்து வீதத்தில் தொடங்கி, பெரிய பணக்காரருக்கு முப்பத்தைந்து வரை ஏறும்.

கழிவுகள்தான் உங்களுக்குப் பிடிக்கும். தனக்கு அறுபதாயிரம். அறுபது வயதான, வருமானம் இல்லாத தாய்க்கும் தகப்பனுக்கும் தலைக்கு முப்பதாயிரம். ஒரு தாயை ஒரு பிள்ளைதான் எழுதலாம். என்னோடு வீட்டில் இருக்கும் சிநேகிதி பிளோய், மருத்துவமனைத் தாதி என்று சொன்னேனே, அவளும் தமையனும் வருடாவருடம் "அம்மா எனக்கு, அம்மா எனக்கு" என்று சண்டை. இந்த முறை அவள் வென்றுவிட்டாள்.

அப்பா, இன்னொரு கழிவு இருக்கிறது. வருமானம் இல்லாத வாழ்க்கைத்துணைக்கு அறுபதாயிரம். பிளோயின் படிவத்தில் அந்த வரியில் என் பெயர் இருக்கிறது. போன வருடம் தை மாதம் இங்கே சட்டம் மாறி, பெண்ணும் பெண்ணும்கூடக் கலியாணம் எழுதிப் பதியலாம் என்று வந்தது. பங்குனியில் நாங்கள் எழுதினோம். நீங்கள் திராமன் பொடியனைப் பற்றிச் சொன்னபோது நான் கலியாணம் முடித்தவள். சொல்லப் பயந்துதான் ஃபோனை வைத்தேன்.

நான் சந்தோஷமாக இருக்கிறேன். பதில் எழுத விருப்பமில்லையென்றால் பரவாயில்லை என்று முடிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. எழுதுங்கோ அப்பா.

உங்கள் மகள்,
கம்சிகா

ஒஸ்லோ
19.03.2026

அன்புள்ள கம்சிகாவுக்கும் பிளோய்க்கும்,

கம்சிகா, நீதான் பிளோய்க்கு வாசித்து விளங்கப்படுத்த வேண்டும்.

பதில் பிந்திவிட்டது. மூன்று கிழமை உன் கடிதம் மேசையில் கிடந்தது. அதை எடுத்து வைக்க மனமில்லாமல் நான் குசினியில் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டேன். கலியாணம்தான் என் கோபத்துக்குக் காரணம் என்று நினைத்தேன். இல்லை, ஒரு வருடம் நீ மறைத்ததுதான். என் ட்ராமில் கை கோத்து ஏறிய பெண்கள் எத்தனை பேர்! ஒருநாளும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. அப்படியென்றால் என் சொந்த மகள் ஏன் என்னிடம் பயந்தாள்? அந்தப் பிழை என்னுடையது.

நேற்று, வருடாவருடம் என்னிடம் வரும் சிறிதேவி அக்கா தன் வரிப் படிவத்தோடு வந்தா. "மகள் இப்ப எங்கை, தனியவோ இருக்கிறா?" என்று கேட்டா.

"இல்லை. கலியாணம் முடிச்சிட்டா."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! மாப்பிள்ளை எந்த ஊர்?"

"மாப்பிள்ளை இல்லை அக்கா. மருமகள். பாங்கொக்கிலை நேர்ஸ்."

அவ தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கவுமில்லை, குடிக்கவுமில்லை. எனக்குக் காது சுட்டது. பிறகு, "நேர்ஸோ? அப்ப உங்களுக்கு வயசு போனாலும் பயமில்லை" என்றா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவவும் சிரித்தா.

பிளோய், கலியாணப் பதிவின் பிரதி ஒன்றைக் கவனமாக எடுத்து வை. வரிக் கந்தோரில் கேட்டால் காட்ட வேண்டும்.

போகும்போது சிறிதேவி அக்கா, "கலியாணப் படத்தைக் காட்டுங்கோவன்" என்று கேட்டா. என்னிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. ஒரு படம் அனுப்புங்கள். பெரிதாக, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டக்கூடியதாக.

உங்கள் இருவரின் அப்பா,
சபாரத்தினம்