பழுக்காது உதிர்ந்த இலை குறித்துத் தலைமேட்டுத் தளநாயகருக்கு

வளம் பெருகுக. வாயில் காக்கும் வாள் துருவேறாதிருக்க. ஏழு கல் மலைக்கும் இரு நதிக் கழனிக்கும் உரியவரும், குடிகளைக் குடைநிழலில் நிறுத்தித் தாம் வெயிலில் நிற்பவருமாகிய வேங்கைநாட்டுப் பெருங்கோவரசி இளநங்கை தேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, பேரமைச்சர் சேந்தன் திருவடி எழுதுவிக்கும் ஓலை. தலைமேட்டுக் கணவாய் காக்கும் தளநாயகர் வில்லவரையர் மாறங்காரியார் காண்க. உம் கோட்டையின் அடுப்புகள் அணையாதிருக்க. மேட்டுக் குடிகளும் அவர்தம் பிள்ளைகளும் கன்றுகளும் நலமாயிருக்க. இவ்வாழ்த்தை வழக்கத்துக்காக எழுதவில்லை.

இவ்வோலையை நின்றபடியே படிக்க. ஆணையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இறங்குக. ஆயினும் காரணம் அறியாமல் நீர் இறங்கமாட்டீர் என்பதை அறிவோம். ஒரே வாரத்தில் இறங்கு என்று ஓர் ஓலையும் இறங்காதே என்று ஓர் ஓலையும் பெற்றவர் மூன்றாவதை நம்பத் தயங்குவார். ஆகையால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறோம்.

மலையடிவாரத்தில் ஏழாம் கல்லருகே குடியிருப்பவள் ஏறன் மகள் கொற்றி. இலை பார்ப்பது அவள் பணி. நீர் அறிந்த வழக்கமே ஆயினும், பின்னாளில் இவ்வோலையைப் படிப்போர் பொருட்டு அதையும் எழுதுகிறோம். ஆண்டுதோறும் புரட்டாசி பிறந்ததும் உச்சியில் முதற்கல்லைச் சூழ்ந்த தீயிலை மரங்கள் பழுக்கத் தொடங்கும். அச்செம்மை நாளுக்கு நாள் கீழிறங்கும். அது எந்தக் கல்வரை வந்ததோ அங்கிருந்து ஓர் இலை பறித்துக் கொற்றி தலைநகர் இலைமண்டபத்துக்கு அனுப்புவாள். அவற்றை அங்கே சரமாகக் கோப்பார்கள். ஏழாம் கல்லின் சிவந்த இலை வந்து இருபது நாளில் மேட்டில் பனி கொட்டும் என்பது முன்னோர் கண்டறிந்தது. ஆகவே அவ்விலை வந்த அன்றே இறக்க ஓலை புறப்படும். குடிகளும் படையும் மூன்று நாள் நடந்து கீழே வருவர். சிவந்த இலை வராமல் ஒருவரும் இறங்கலாகாது. முன்பொரு படை குளிருக்கு அஞ்சி முந்தி இறங்கியபோது, பகைவர் கணவாய் வழியே புகுந்து இரண்டு ஊர்களைக் கொளுத்தினர். அதனால் வந்த சட்டம் இது.

இவ்வாண்டு புரட்டாசி பத்தாம் நாள் கொற்றி முதற்கல்லுக்கு ஏறினாள். மரங்கள் சிவந்திருக்கவில்லை, பச்சையாகவும் இல்லை. அரிசி களைந்த நீரில் நெடுநேரம் ஊறிய துணிபோல வெளுத்து நின்றன. காற்று அசையவில்லை. ஆயினும் இலைகள் ஓயாமல் உதிர்ந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து மடித்தாள். பழுத்த இலையாயின் காம்பு ஒடியும். இது ஈரத் தோல்போல் வளைந்தது. வாயிலிட்டு மென்றாள். பழுத்த இலையில் மெல்லிய புளிப்பிருக்கும். இதில் ஒரு சுவையும் இல்லை. பாறையிடுக்கில் தேன்கூடு ஒன்றைக் கண்டாள். தேன் நிறைந்திருந்தது. தேனீ ஒன்றுகூட இல்லை.

செம்மை ஒரு கல் இறங்க ஐந்தாறு நாள் ஆகும். இவ்வெளுப்போ நாளுக்கு ஒரு கல் இறங்கியது. அவள் கீழே வரவர, ஒவ்வொரு கல்லிலும் அது அவளுக்கு முன்னே வந்து நின்றது.

வழியில் தலைமேட்டில் தன் அக்காள் நாச்சியின் வீட்டில் தங்கினாள். நாச்சி ஏழு மாதக் கர்ப்பிணி. அவ்வீட்டில் நடந்த பேச்சைக் கொற்றி சபையில் சொன்னபடியே எழுதுவித்தோம்.

“ஏண்டி, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிற?” என்றாளாம் நாச்சி.

“மரம் பழுக்கலக்கா. வெளுத்துக் கொட்டுது.”

“கொட்டினா கொட்டட்டும். கூட்டுறவ நானா? உக்காரு, கூழு குடி.”

“அக்கா, இன்னைக்கே எங்கூட வந்துரு.”

“ஓலை வராம எறங்கினா உங்க மாமன் தலைய வாங்கிருவாங்கடி. வயித்துல ஒண்ண வெச்சுக்கிட்டுத் தாலியறுக்கச் சொல்றியா? நீ போய் எலைய அனுப்பு. ஓலை வரட்டும், ஓடியாறேன்.”

கொற்றி அழவில்லை. கூழைக் குடித்துவிட்டு இறங்கினாள்.

பதினாறாம் நாள் ஏழாம் கல்லின் வெளுத்த இலையை அனுப்பினாள். இலைமண்டபத்தார் அதைச் சரத்தில் கோக்கவில்லை. சிவக்காத இலை கணக்கில் சேராது என்றனர். மறுநாளும் அனுப்பினாள். பதினெட்டாம் நாள் தானே மடிநிறைய இலைகளோடு வந்து மண்டபத்து வாயிலில் நின்றாள். சபையில் பேசிப் பழகாதவள். நால்வர் ஒருசேரப் பார்த்தால் குனிந்துகொள்பவள். வாயிற்கணக்கன் அவளைக் கண்டு, “என்ன மலைக்காரி, உங்க மரத்துக்குச் சோகையா? கசாயம் வெச்சுக் குடு, செவந்துரும்” என்றானாம். நின்றவரெல்லாம் சிரித்தனர்.

மண்டபத்து அதிகாரி அமரபுயங்கர் சிரிக்கவில்லை. அவர் நேர்மையாளர், முப்பதாண்டாக ஒரு சரத்தையும் பிழையாகக் கோத்ததில்லை. அவளை அழைத்து அமைதியாகவே கேட்டார். பனி வருமென்று எதைக்கொண்டு சொல்கிறாள் என்றார். தேன்கூட்டைச் சொன்னாள். காம்பு வளைந்ததைச் சொன்னாள். சட்டத்தில் தேன்கூடு இல்லை என்றார் அவர். மேட்டில் அவளுக்கு உறவு உண்டா என்றார். அக்காள் இருக்கிறாள் என்றாள். “ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்காக நாட்டின் வாயிலைத் திறந்து போடச் சொல்கிறாயா, பெண்ணே?” என்றார். அவள் மடியிலிருந்த இலைகளை அங்கேயே கொட்டிவிட்டுப் போகவும் கூச்சப்பட்டு, அத்தனையையும் சுமந்துகொண்டு திரும்பினாள்.

அன்றும் மறுநாளும் அவள் மலையைப் பார்த்தபடி இருந்தாள். பறவைகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போயின. அதிகாலையில் வாசற்குடத்து நீரின்மேல் ஒரு மெல்லிய பனி ஏடு கட்டியிருந்தது. விரல் பட்டதும் அது உடைந்தது. அதன்பின் அவள் யோசிக்கவில்லை. ஆலத்திக்குக் கரைப்பதுபோல் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்தாள். வெளுத்த இலையொன்றை அதில் தோய்த்து நிழலில் உலர்த்தினாள். தீயிலையின் செம்மையே அதற்கு வந்துவிட்டது. இருபதாம் நாள் அது மண்டபம் சேர்ந்தது. அமரபுயங்கர் மகிழ்ந்து சரத்தில் கோத்தார். மற்ற ஆறு கற்களின் இலைகள் வாராமையை எவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் நாமே. அன்றே இறக்க ஓலை உமக்குப் புறப்பட்டது.

இருபத்திரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் சரத்துக்குக் கண்ணேறு கழித்தனர். எலுமிச்சம்பழத்தை அரிந்து சுற்றிப் பிழிந்தபோது சாறு இலைமேல் தெறித்தது. தெறித்த இடமெல்லாம் செம்மை மாறி மஞ்சளாயிற்று. அமரபுயங்கர் இலையை முகர்ந்தார். மஞ்சள் மணத்தது. பொய் இலையின்மேல் எழுந்த ஓலை செல்லாது. அதற்கு மறுப்போலை அன்றே விடுக்க வேண்டும் என்பது சட்டம். எழுதி எம்மிடம் கொணர்ந்தார். நாம் சட்டத்தைப் பார்த்தோம், மலையைப் பார்க்கவில்லை. மறுப்போலையில் இருந்த முத்திரை எம் கையால் இட்டது. அதை ஒருவர்மேலும் சுமத்தோம்.

இருபத்தைந்தாம் நாள் கொற்றியைப் பிடிக்க இரு காவலர் சென்றனர். அவள் ஓடவில்லை. வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். இலைகள் யாவும் பனிக்கு முன்னரே உதிர்ந்துவிட்டபடியால், பிறந்தது முதல் அவள் கண்டிராத ஒன்றைக் கண்டாள். மலைப்பாதை முழுவதும் அடிமுதல் முடிவரை வெறுமையாகத் தெரிந்தது. நான்காம் கல்லருகே உம் மக்கள் இறங்கிக்கொண்டிருந்தனர். முன்னே மந்தை, பின்னே மூட்டைகள், அதன்பின் படை.

“பாருங்கண்ணா, வந்துட்டாங்க. எங்க அக்காளும் அதுல இருக்கா. இனி எங்க வேணா கூட்டிக்கிட்டுப் போங்க” என்று கைகளை நீட்டினாளாம்.

காவலரில் மூத்தவன் கயிற்றை அவிழ்க்கும்போது இளையவன், “அண்ணே, அவங்க நிக்கிறாங்க” என்றான்.

மந்தை நின்றது. சங்கோசை மெல்லக் கேட்டது. மறுப்போலை உம் கையில் சேர்ந்த கணம் அதுவென்று இப்போது அறிகிறோம். நீர் ஆணைக்குக் கீழ்ப்படிந்தீர், உம்மேல் குற்றமில்லை. மந்தை திரும்பியது. மூட்டைகள் திரும்பின. எறும்புச் சாரிபோல் அவ்வளவு பேரும் மறுபடி மேலே ஏறினர். கொற்றி கத்தினாள். அவ்வளவு தூரம் குரல் எட்டாது என்று காவலர் சொல்லியும் கேளாமல், ஏறாதீர்கள் என்று, குரல் கம்மிப் போகுமட்டும் கத்தினாள். வழியெல்லாம் இளைய காவலன் அவளைக் கட்டவில்லை. கயிற்றைத் தன் தோளிலேயே போட்டு வந்தான்.

நேற்று அரசியார் திருமுன் விசாரணை நடந்தது. இலைக்குச் சாயமிட்டது உண்மையா என்று கேட்கப்பட்டது. அவள் குரல் கட்டியிருந்தது. ஓலையெழுதுவோன் அருகில் சென்று கேட்டு எழுதினான். “உண்மைதாந் தாயே. எலையில பொய் சொன்னேன். மலையப் பத்திச் சொன்னது பொய்யில்ல. எனக்கு என்ன தண்டனை வேணா குடுங்க, ஆனா அத இன்னொரு நாள் குடுங்க. இப்ப யாரையாச்சும் மேல அனுப்புங்க.”

அமரபுயங்கர், சட்டத்தை மீறினால் கணவாய் திறந்துவிடும் என்றார். அரசியார், இதற்குமுன் வெளுத்த இலை வந்ததுண்டா என்று எம்மைக் கேட்டார். நாம் அறியோம் என்றோம்; அறியாமல் எப்படி முத்திரை இட்டீர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நலமாயிருக்கும்.

இன்று விடியலிலிருந்து இலைமண்டபத்துப் பழஞ்சரங்களை அவிழ்த்துப் பார்த்தோம். ஆண்டுக்கு ஒரு சரம். எல்லாம் செம்மை மங்கித் துருநிறமாகிக் கிடந்தன. நூற்றுப் பதினான்காம் சரத்தை எடுத்தபோது அமரபுயங்கரின் கை நின்றுவிட்டது. அதில் ஏழு இலைகள். ஏழும் வெள்ளை. நுனியில் கட்டிய ஓலைநறுக்கில் இரண்டு வரிகள் மட்டும் இருந்தன: “ஏழாம் இலைக்குப் பதின்மூன்றாம் நாள் பனி. இவ்வாண்டு முதல் மேட்டில் குடியில்லை.” அதற்குப் பின் நாற்பதாண்டுக்குச் சரங்கள் இல்லை. இறக்கக் குடி இல்லாமையால் இலை அனுப்புவோரும் இல்லை; வெறும் கயிறுகள் தொங்கின.

கொற்றி ஏழாம் கல்லின் இலையை அனுப்பியது பதினாறாம் நாள். அதற்குப் பதின்மூன்றாம் நாள் இருபத்தொன்பது. இன்று இருபத்தேழு. இவ்வோலை எவ்வளவு விரைந்தாலும் அந்நாளின் காலையில்தான் உம்மை அடையும்.

ஆகவே ஆணை கேளும். மூன்று நாள் பாதையில் இறங்காதீர். பட்டிக் கதவைத் திறந்து மந்தையை விட்டுவிடுக; அவை போன வழி போகட்டும். மூட்டை ஒன்றும் வேண்டா. போர்வையும் நெருப்புச்சட்டியும் போதும். பிள்ளைகளைப் படைவீரர் ஆளுக்கொன்றாய்ச் சுமக்க; அதற்குத் தடையாயின் வேல்களையும் கேடயங்களையும் எறிந்துவிடுக. கணவாய் திறந்து கிடக்கட்டும். பகைவர் வருவாராயின் அப்பனியில் வரட்டும். கோட்டைக்குப் பின்னுள்ள ஓடைப்பிளவு வழியே அரைநாளில் நான்காம் கல்லை அடையலாம் என்று கொற்றி சொல்கிறாள். அதற்குக் கீழே பனி நிலைத்ததில்லை. அவ்வழியை அவள் ஒருத்தியே அறிவாள். ஆதலால் இவ்வோலையை அவளே கொண்டுவருகிறாள். அந்த இளைய காவலன் தானே கேட்டு உடன் வருகிறான். அவள் காட்டும் வழியில், அவள் சொல்லும் நேரத்தில் நடக்க. நடை தளர்ந்தோரை விட்டுவரலாம் என்று எவரேனும் உமக்கு யோசனை சொன்னால், அவர் வாயை அடைக்க. முந்தி இறங்கிய படைக்குரிய தண்டனை உமக்கோ உம் வீரருக்கோ இல்லையென்பதற்கு உறுதியாக அரசியார் தம் மோதிரத்தைக் கழற்றி இவ்வோலையில் கட்டியிருக்கிறார்.

இதை எழுதும்போது மண்டபத்துச் சாளரம் வழியே மலை தெரிகிறது. முதற்கல் தெரியவில்லை. அவ்விடத்தில் மேகம் இருக்கிறது. காலையிலிருந்து அது நகரவில்லை.

இனி, கொற்றியின் குற்றம். அரச அடையாளத்தில் பொய் செய்தவருக்குத் தண்டனை உண்டு. அதை மாற்ற அரசியாருக்கும் உரிமையில்லை; எந்த வாயிலுக்காக அச்சட்டம் உண்டாயிற்றோ அதைக் காப்பவருக்கே உண்டு. குற்றவாளியின் பெயரையும் தண்டனையையும் எழுதும் வரியை இவ்வோலையின் அடியில் வெறுமையாக விட்டிருக்கிறோம். நீர் உம் குடிகளோடு இறங்கி வந்து, சபையில் நின்று, அவ்வரியை என்ன செய்யலாம் என்று சொல்க. உம் சொல்லே தீர்ப்பாகும். அவ்வரியைப் பற்றிப் பேச மேட்டிலிருந்து ஒருவரும் வாராராயின், எம்மிடமுள்ள இதன் படியோலையில் இளநங்கை என்னும் தம் பெயரையே எழுதும்படி அரசியார் ஆணை. எழுத்தாணியை நாம் எடுத்து வைத்திருக்கிறோம்.

வேங்கை முத்திரை. மெழுகு ஆறுமுன் விடுத்தது. புரட்டாசி இருபத்தேழு, உச்சிவேளை.

குற்றவாளி: